சான்றிதழின்படி வயது முப்பத்தாறு

ஜூலை 3, புதன்

அட்டை கோணலாக ஒட்டப்பட்டதால் அச்சகத்தில் கழித்துப்போட்ட நாட்குறிப்பு ஒன்றை உரிமையாளரிடம் கேட்டுப் பெற்றேன். ஆண்டின் முற்பாதி வெறுமையாகவே இருக்கும். அதனால் குற்றமில்லை.

காலை ஆறு மணிப் பேருந்தில் சிவகாசியிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டோம். என் கணவர் தவசிலிங்கம் தம் சரக்கு வண்டிக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு உடன் வந்தார். மணமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரைகள், கஷாயங்கள், நேர்த்திக்கடன்கள் யாவும் தீர்ந்தபின், இனிச் சோதனைக்குழாய் முறை ஒன்றுதான் என்று உள்ளூர் மருத்துவர் கைகாட்டிய மருத்துவமனை இது.

காத்திருப்போர் கூடத்தில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். ‘சிகிச்சையின் வெற்றியை தீர்மானிக்கும் காரணிகள்’ என்று தலைப்பு. தலைப்பிலேயே ஒற்று விடுபட்டிருந்தது. என் கைப்பையில் சிவப்புப் பேனா எப்போதும் இருக்கும். பதினோர் ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறவளின் பை வேறு எவ்வாறு இருக்கும்? மூன்று பக்கங்களில் பதினான்கு பிழைகள் கண்டேன். முதற்காரணியைச் சொல்லும் வரியில் மட்டும் இரண்டு. ‘பெண்ணின் வயதை பொருத்தே’ என்றிருந்ததை ‘வயதைப் பொறுத்தே’ என்று திருத்தினேன்.

மருத்துவர் எஸ்தர் கமலத்துக்கு அறுபது வயதிருக்கலாம். மேசைமேல் நான் வைத்த துண்டறிக்கையைக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

“யாரும்மா இதுல இவ்வளவு செவப்பு அடிச்சது?”

“நான்தான். அனைத்தும் சந்திப் பிழைகளும் எழுத்துப் பிழைகளும்.”

“டீச்சரா?”

“மெய்ப்புத் திருத்துநர். பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை. எஞ்சியதை நானே படித்துக்கொண்டேன்.”

“இது வேற இனி புதுசா அடிக்கணும்” என்று சிரித்தார். பின்பு என் கணவரிடம் திரும்பி, புகைப்பழக்கம் உண்டா, நாளைக்கு எத்தனை என்று வினவினார். இவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்.

“பதினொன்னு டாக்டரம்மா. லோடு ஏத்துற அன்னைக்குப் பதிமூணு ஆயிரும்.”

இவ்வளவு துல்லியம் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது.

படிவத்தில் பிறந்த நாள் என்னும் கட்டத்தில் சான்றிதழில் உள்ளவாறு 5.6.1988 என்று எழுதினேன். வயது முப்பத்தாறு. சான்றிதழ் என்பது அரசு ஏடு.

ஜூலை 12, வெள்ளி

பரிசோதனை முடிவுகள் வந்தன. கருமுட்டை இருப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனைத் தாளை மருத்துவர் நெடுநேரம் பார்த்தார்.

“உங்க வயசுக்கு இருப்பு இவ்வளவு கொறஞ்சிருக்கக் கூடாதே. அம்மாவுக்குச் சீக்கிரமே நின்னு போச்சா?”

“இல்லை.”

“வயித்துல ஆபரேசன் ஏதாச்சும்?”

“இல்லை.”

“சரி, சில பேருக்கு இப்படி இருக்கும். எண்ணிக்கை கம்மின்னாலும் வயசு நம்ம பக்கம் இருக்கு. முப்பத்தாறுல முட்டையோட தரம் பரவாயில்லாம இருக்கும்.”

என் கணவருடைய உயிரணுக்கள் ஓட்டத்தில் சோம்பல் காட்டுகின்றனவாம். புதிய அணுக்கள் உருவாக மூன்று மாதங்கள் ஆகும்; புகையை இன்றே நிறுத்தினால் அதற்கேற்ற பலன் உண்டு என்றார். இருந்தாலும் சிகிச்சையை அடுத்த மாதமே தொடங்கிப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. பேருந்து நிலையத்தில் இவர் சிகரெட்டுப் பெட்டியைக் குப்பைத் தொட்டியில் எறிந்தார். நாலடி நடந்தவர் திரும்பிப்போய் அதை எடுத்து, அங்கே படுத்திருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

“எறியிறதுக்கு மனசு வரல குருவு” என்றார். பேருந்தில் உட்கார்ந்ததும், “நல்லவேள நீ சின்னப்புள்ள. இதுல என்னயத்தான் ரிப்பேர் பாக்கணும் போலிருக்கு” என்றார்.

திருமங்கலம் வரும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. வழக்கம்போல் அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்புகள் இன்று வெளியாயின. முந்நூற்றறுபத்தைந்து தாள்களையும் மூலப்படியோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட்டேன். ஒரு கிழமை பிறழ்ந்திருந்தாலும் அது பல்லாயிரம் வீட்டுச் சுவர்களில் தொங்கும். ஒன்றும் பிறழவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஊசிகள் தொடங்கின. குளிர்பெட்டியில் தோசை மாவுக்கும் தயிருக்கும் நடுவே மருந்துப் பெட்டியை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்குக் கொப்பூழிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நானே குத்திக்கொள்ள வேண்டும். இவர் ஊசியைக் கண்டதும் வண்டி டயரைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

உதவிக்கு என் தங்கை ஜோதிமணி இராசபாளையத்திலிருந்து வந்திருக்கிறாள். ஊசியை நான் கையில் எடுத்ததும் அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மருந்தின் அளவு சரியா என்று பார்த்துச் சொல்” என்றேன்.

“கண்ண மூடிட்டு எப்படிக்கா பாக்குறது? அதுவும் நீ நியூஸ் வாசிக்கிற மாதிரிச் சொன்னா எனக்குச் சிரிப்புத்தான் வருது.”

அளவை நானே பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஜோதிமணியின் பிறந்தநாள். எங்கள் வீட்டில் இவ்வழக்கம் இருந்ததில்லை. அவள் பிள்ளைகள் பழக்கியது. இவர் திருவில்லிபுத்தூரிலிருந்து அரைக் கிலோ பால்கோவா வாங்கிவந்தார்.

“எத்தன முடிஞ்சது ஜோதி?”

“முப்பத்தெட்... முப்பத்தஞ்சு மச்சான்.”

“என்ன தாயி, ஒன் வயசு ஒனக்கே சந்தேகமா இருக்கு?”

“பொம்பளகிட்ட வயசு கேட்டா அப்படித்தான் தடுமாறும். பால்கோவாவத் தாங்க.”

இவர் சிரித்துவிட்டார். ஜோதிமணிக்குச் சிறு வயது முதலே எண்கள் தடுமாறும். பால்கோவாவில் சர்க்கரை மிகுதி.

ஆகஸ்ட் 22, வியாழன்

கருமுட்டைகளை எடுத்தார்கள். மூன்று மட்டும் கிடைத்தன. எட்டு வரை எதிர்பார்த்ததாக மருத்துவர் சொன்னார்.

காலையில் என்னுடன் தங்குபவருக்கான அனுமதிச் சீட்டுக்காக ஜோதிமணியின் ஆதார் அட்டையையும் என் அட்டையையும் செவிலியர் அருகருகே வைத்து எழுதினார். இவர் அப்போது வண்டி நிறுத்தப் போயிருந்தார்.

“நீங்கதான் இவங்களுக்கு அக்காவா?” என்று ஜோதிமணியைக் கேட்டார்.

“இல்ல சிஸ்டர், நான் தங்கச்சி.”

செவிலியர் இரண்டு அட்டைகளையும் மறுபடி பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு அலுவல் மிகுதி. வரிசையும் நீளமாக இருந்தது. அடுத்தவரை அழைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மூன்றில் ஒன்று மட்டுமே கருவாகியது. அதை வைத்தார்கள். திரையில் ஒரு வெண்புள்ளி. இவர் அதைத் தொட்டுவிடுவதுபோல் விரலை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

குறிப்பிடத்தக்கது ஒன்றுமில்லை. குழம்பில் உப்பு மறந்துவிட்டேன். இருவரும் அதைச் சொல்லாமல் உண்டனர்.

செப்டம்பர் 9, திங்கள்

இல்லை என்று வந்துவிட்டது.

ஜோதிமணி அழுதாள். இவர் வண்டியைக் கழுவினார். மதியம் மறுபடியும் கழுவினார். நான் அச்சகம் சென்று ஒரு திருமண அழைப்பிதழின் மெய்ப்பைப் பார்த்து அனுப்பினேன்.

செப்டம்பர் 16, திங்கள்

மதுரையில் மீளாய்வு. இன்று நடந்ததைப் பிறழாமல் எழுத விரும்புகிறேன்.

மருத்துவர் ஆறுதலாகவே பேசினார். “அவசரப்பட வேண்டாம்மா. முப்பத்தாறுதானே. உடம்பு ஓஞ்சிருக்கு, நல்லாச் சாப்பிட்டுத் தேறுங்க. சாரும் சிகரெட்ட விட்டு ஆறு மாசம் ஓடட்டும். தை, மாசி வாக்குல வாங்க. புதுசா ஆரம்பிப்போம்.”

இவர் முகம் தெளிந்தது. புரட்டாசியிலிருந்து மார்கழி வரை நாட்காட்டிக் கட்டுகள் ஊர் ஊராகப் போகும். வண்டிக்கு ஓய்வே இராது. “எனக்கும் அதுதான் தோது” என்றார்.

நான் பொதுப்பட ஒரு வினா எழுப்பினேன். “வயது கூடுதலான பெண்களுக்கும் இதே கால அளவைத்தான் பரிந்துரைப்பீர்களா?”

“எத்தன வயசு?”

“நாற்பது என்று வைத்துக்கொள்வோம்.”

“நாப்பதுன்னா ஒரு மாசம் வெயிட் பண்ண மாட்டேன். பேச்சே வேற. அந்த வயசுல ஒவ்வொரு மாசமும் முட்டை எறங்குமுகம்தான். ஆறு மாசம் கழிச்சு வந்தா, எதுக்கு வந்தீங்கன்னு நானே கேக்குற மாதிரி ஆயிரும்.” பிறகு, “உங்களுக்கு எதுக்கும்மா அந்தக் கவல” என்றார்.

தை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 18, புதன்

இரு நாட்களாக ஒரு வரியும் எழுதவில்லை. எழுதுவதை நிறுத்தினால் எண்ணுவது நின்றுவிடும் என்று கருதினேன். நிற்கவில்லை.

எனக்கு இளையவளான ஜோதிமணி அரசு மருத்துவமனையில் பிறந்தவள். 19.8.1986 என்று சான்று உண்டு. நான் வீட்டில் பிறந்தவள். எனக்குச் சான்று இல்லை. அவள் பள்ளிக்குச் சென்றாள். நான் வீட்டில் தீக்குச்சி அடுக்கினேன். மாலையில் அவளை அழைத்துவரப் போகிறவள் வகுப்பின் வாசலில் நின்று கரும்பலகையைப் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் தலைமையாசிரியர் அதைக் கண்டார். உள்ளே அழைத்து, வலக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக் காதைத் தொடச் சொன்னார். அப்போது எனக்கு எட்டரை வயது. ஆனால் உருவம் ஐந்து வயதுக்குரியது. விரல் நுனி காதைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

“எட்டு வயசுன்னு எழுதுனா இத்தன வருசம் எங்க இருந்தான்னு கேப்பாங்க. அஞ்சுன்னு போட்டுக்கிறேன்” என்று அவரே ஒரு தேதியை எழுதினார். அவர் செய்தது நன்மை. அந்தத் தேதியால்தான் எனக்கு எழுத்து வந்தது. தங்கைக்கு ஒரு வகுப்புக் கீழே உட்கார்ந்து படித்தேன், அதற்கு நாணவில்லை.

மணம் பேச வந்தபோது பெண் இரண்டு வயதாவது இளையவளாக இருக்க வேண்டும் என்று அவர்கள் வீட்டில் கேட்டார்கள். அப்பா சான்றிதழை நீட்டினார். அந்தத் தேதியைக் கொண்டே ஜாதகமும் எழுதப்பட்டது. இவர் பிறந்தது 1986 மார்ச்சு. ஏட்டின்படி பொருத்தம் குறையின்றி இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. மெய்ப்பை மூலப்படியோடு ஒப்பிட வேண்டும்; மூலப்படி உண்மையா என்று நாம் ஆராய்வதில்லை. அவ்விதியின் கீழ் நான் நெடுங்காலம் நிம்மதியாக வாழ்ந்தேன். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடலும்தான். என் உடல் எந்த மூலப்படியையும் பார்த்து நடக்கவில்லை என்பதை மூன்று முட்டைகள் தெரிவித்துவிட்டன.

தை மாதம் வரை காத்திருந்தால் இருப்பதும் போய்விடும். காத்திருக்க இயலாது என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 21, சனி

சொல்ல வேண்டியதை முன்னதாகவே சொற்றொடராக அமைத்துக்கொண்டேன். இவர் மதிய உணவுக்கு வந்தார். ஜோதிமணி ஊருக்குப் போய்விட்டாள். இரண்டாம் முறை சோறு பரிமாறிவிட்டுத் தொடங்கினேன்.

“உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் மூத்தவள். இளையவள் ஒருத்தியை எண்ணிக்கொண்டு நீங்கள் காத்திருப்பது முறையன்று.”

இவர் கை தட்டில் நின்றது. “யாரு ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது? எங்க அக்காவா?”

“ஒருவரும் சொல்லவில்லை. மூத்தவளை வைத்துக்கொண்டு தை வரை காத்திருந்தால் குழந்தை கிட்டாது.”

“மூத்தவ, எளையவ, என்ன பேச்சு இது? எனக்கு ரெண்டாவதாப் பொண்ணு பாக்கச் சொல்லுதியா நீ?”

அவர் எதைப் புரிந்துகொண்டார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளக்க முயன்றேன். “நீங்கள் பொருள்கொண்டது வேறு. வயதின் அடிப்படையில்...”

“வயசாவது அடிப்படையாவது. பிள்ள இல்லைன்னா இல்ல. போகட்டும். இன்னொரு தடவ இந்தப் பேச்ச எடுத்த, வண்டிய எடுத்துட்டு எங்கயாச்சும் போயிருவேன்.” பாதிச் சோற்றில் கை கழுவினார்.

சொற்றொடரில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. பலமுறை சரிபார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையில் மல்லிகைப் பூவும் உளுந்த வடையும் வாங்கிவந்து சமையற்கட்டில் வைத்தார். “நேத்து கத்திட்டேன். ஒன்ன மாதிரி யாரும் சொல்ல மாட்டாங்க குருவு. தான் ஒதுங்கிக்கிறேன்னு எந்தப் பொம்பள சொல்லுவா?” என்றார்.

என்னைத் தியாகியாக்கிவிட்டார். தலையை அசைத்துவிட்டுப் பூவைச் சூடிக்கொண்டால் போதும். வடை சூடாக இருந்தது. ஒன்றை எடுத்துப் பிட்டேன். அப்படியே இருந்திருக்கலாம். ஒரு நாழிகை அப்படித்தான் இருந்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு, எழுதும் தமிழை விட்டுவிட்டு, சிறு வயதில் அம்மாவிடம் பேசியதுபோல் பேசினேன்.

“எனக்கு வர்ற ஐப்பசில நாப்பது முடியுது. ஒங்களவிட ஒண்ணர வருசம் பெரியவ. பள்ளிக்கொடத்துல கொறச்சு எழுதுனது.”

முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

“அப்ப ஜோதி அன்னைக்கு முப்பத்தெட்டுன்னு சொல்ல வந்தது?”

“அதுதான் நெசம்.”

“சாதகம்?”

“சான்றிதழ்த் தேதிய வச்சு எழுதுனது.”

வாசற்படியில் உட்கார்ந்தார். வயதைப் பற்றியும் தம் வீட்டாரைப் பற்றியும் பேசுவார் என்று நான் காத்திருந்தபோது, அவர் வேறொன்றைச் சொன்னார்.

“அந்த டாக்டரம்மா எத்தன சிகரெட்டுன்னு கேட்டப்ப, கொறச்சுச் சொல்லலாம்னு எனக்குத் தோணாமயா இருந்துச்சு? வெக்கமா இருந்துச்சு. பொய்யச் சொன்னா பொய்க்குத்தான மருந்து குடுப்பாங்கன்னு எண்ணி எண்ணிச் சொன்னேன். நீ பக்கத்துலதான உக்காந்திருந்த.”

வடைகளைத் தட்டால் மூடிவைத்தேன்.

கோவைக்குச் சரக்கு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு இல்லை. வடைகளைக் காக்கைக்கு வைத்தேன்.

செப்டம்பர் 25, புதன்

மாலையில் வந்தார். சட்டையைத் துவைக்க எடுத்தேன். டீசல் மணம் மட்டுமே இருந்தது. புகை மணம் இல்லை. இவ்வளவு கோபத்திலும் ஒன்றைக்கூடப் பற்றவைக்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னார். “ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணேன். வெள்ளிக்கெழம வரச் சொன்னாங்க.”

“என்ன காரணம் சொன்னீர்கள்?”

“நாப்பதுன்னு சொன்னேன்.”

ரசம் கேட்டார். ஊற்றினேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

மருத்துவர் எஸ்தர் கமலம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“ஆதார்ல இருக்குறத என்னால மாத்த முடியாதும்மா. ஆனா மருந்தோட அளவ முப்பத்தாறுன்னு நெனச்சுல்ல முடிவு பண்ணேன். தையில வாங்கன்னு சொன்னதும் அத நெனச்சுத்தான். ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல.”

“சொல்லியிருக்க வேண்டும். தவறு என்னுடையது.”

சோதனைத் தாள்களை எல்லாம் மறுபடி பரப்பினார். இப்போதுதான் கணக்கு ஒத்துவருகிறது என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். என் குறிப்பேட்டின் ஓரத்தில் ‘உண்மை வயது 40’ என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு ஒளிவுமறைவின்றிச் சொன்னார். சொந்த முட்டையில் முயன்றால் நூறு பேரில் பத்துப் பேருக்குக் கிட்டலாம். இளம்பெண் ஒருவரின் முட்டையைத் தானமாகப் பெற்றால் வாய்ப்புப் பன்மடங்கு கூடும். ஏனெனில் முட்டைக்கு வயதாவதுபோல் கருப்பைக்கு ஆவதில்லை. எதுவாயினும் தாமதிக்கலாகாது.

“ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்க. நான் வெளிய நிக்கிறேன்” என்று தம் அறையைவிட்டுத் தாமே வெளியேறினார்.

இவர் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தபடி, “நூத்துக்குப் பத்துன்னா சும்மா இல்லையே” என்றார்.

“தொண்ணூறு இல்லை என்பதும் அதில் அடக்கம்.”

“ஒரு தடவ ஒன்னோடதுல பாப்போம். இல்லைன்னா ரெண்டாவது சொன்னத யோசிப்போம். இதுல மறைக்கிறதுக்கு இனி ஒன்னும் இல்லல்ல?”

“இல்ல” என்றேன்.

“சீசனுக்கு வண்டிய ஆறுமுகத்த ஓட்டச் சொல்லிர்றேன். நான் ஒன்கூட வாரேன்.”

பேருந்தில் சன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தார். “வயசுல பெரியவங்க உக்காருங்க” என்றார். ஐந்து நாட்களுக்குப்பின் இவர் பேசிய முதற்கேலி இது. நான் சிரித்ததைப் பின்னிருக்கைப் பெண்மணி எட்டிப் பார்த்தார்.

அக்டோபர் 15, செவ்வாய்

மருத்துவர் தம் குறிப்புக்காக நான் பிறந்த நாளைத் துல்லியமாகக் கேட்டிருக்கிறார். அம்மாவைத் தொலைபேசியில் கேட்டேன்.

“தேதி யாருக்குடி தெரியும்? ஐப்பசி மாசம். செவ்வாக்கெழம. அட மழ. கூர ஒழுகி ஒன்னய அடுப்பங்கரையில படுக்கப் போட்டிருந்தோம். இப்ப எதுக்குக் கேக்க?”

“ஆஸ்பத்திரில கேக்காங்கம்மா.”

“அப்படியே சொல்லு. மழ பேஞ்சதையும் சொல்லு.”

அக்டோபர் 22, செவ்வாய்

புதிய அளவில் ஊசிகள் இன்று தொடங்கின. மாலை ஆறு மணிக்கு இவர் வண்டி டயரைப் பார்க்கப் போகவில்லை. எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மருந்தின் அளவைக் குழாயில் உள்ள கோட்டோடு ஒட்டிப் பார்த்து, “சரியா இருக்கு” என்று சொன்னார். ஊசி உள்ளே போகும்போது முகம் வெளிறிவிட்டது. ஆயினும் திரும்பவில்லை.

பிறகு, அடுத்த ஆண்டுக்கு அச்சிட்டதில் மிஞ்சிய தாளொன்றின் பின்புறத்தில் விரல்விட்டு எண்ணிக் கணக்குப் போட்டார். இம்முறை ஐப்பசியில் நான்கு செவ்வாய்கள் வருகின்றன. முதலாவது இன்று. இரண்டாவதில் ஸ்கேன். எல்லாம் கூடிவந்தால் மூன்றாவதில் கருவை வைப்பார்கள். நான்காவதில் காத்திருப்போம்.

“இந்த நாலுல எதோ ஒன்னுல நீ பொறந்திருக்க” என்றார்.

“ஆமா.”

“எதுன்னு தெரியாது.”

“தெரியாது.”

“அப்ப நாலு தடவையும் பொறந்தநாள் வாழ்த்துச் சொல்லிருவோம். தப்பாப் போகாது.”

சொன்னார். நான் கையை உயர்த்தி வணங்கி ஏற்றுக்கொண்டேன். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. கொடியில் கிடந்த துணிகளை எடுக்க இருவரும் ஓடினோம். மருத்துவர் அதிகம் அசைய வேண்டாம் என்றது நினைவுக்கு வந்து, நான் பாதியில் நின்றேன். எஞ்சியதை இவரே எடுத்துவந்தார்.

நாளையும் ஆறு மணி.